அடைக்கோழியும் விதை முட்டையும்

(பண்ணை வானொலி உரை)



சில மாதங்களுக்கு முன்பு குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நிலக்கடலை வயல் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து வண்டியை எடுக்கிற நேரத்தில் ஒரு அம்மா வழியில் வந்து நின்றார்.

"சார், கடலைக்கு மருந்து சொல்லிட்டீங்க. என் கோழிக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க" என்றார்.

என்ன விஷயம் என்று கேட்டேன். அந்த வருஷம் கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து அவர் வீட்டுக் கோழிகள் எல்லாம் போய்விட்டன. சேவலும் போய்விட்டது. ஒரே ஒரு பெட்டை மட்டும் தப்பித்தது. அது கொஞ்ச நாளில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. வைக்க முட்டை இல்லை. அவர் வேலூருக்குப் போய், லாங் பஜாரில் கடை கடையாய் விசாரித்து, பழுப்பு நிறத்தில் இருந்த முட்டையாகப் பார்த்துப் பதினொன்று வாங்கி வந்து அடை வைத்தார்.

"இருபத்தியொரு நாள் ஆச்சு, இருபத்துநாலும் ஆச்சு சார். ஒண்ணுகூட வெடிக்கலை. அத்தனையும் கூமுட்டை. கோழி இளைச்சுக் குச்சியாப் போச்சு. யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு மாமியார் சொல்றாங்க."

கண்ணும் இல்லை, காத்தும் இல்லை. கடைக்காரர் மேலும் தப்பு இல்லை. அவர் விற்றது சாப்பிடுகிற முட்டை. அந்த அம்மாவுக்கு வேண்டியது விதை முட்டை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அரிசிக்கும் விதை நெல்லுக்கும் எத்தனை தூரமோ, இந்த இரண்டுக்கும் அத்தனை தூரம். அரிசியை நாற்றங்காலில் தெளித்தால் முளைக்குமா?

ஒரு காலத்தில் நம் ஊரில் எல்லா முட்டையும் விதை முட்டையாகத்தான் இருந்தது. அது எப்போது, எப்படி இரண்டாகப் பிரிந்தது என்பது ஒரு பெரிய சரித்திரம். அதைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டு அடைக்கோழியின் மதிப்பு நமக்கே விளங்கும். இன்றைக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

காட்டிலிருந்து களத்துக்கு

கோழி முதலில் காட்டுப் பறவைதான். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே உலகத்து வீட்டுக்கோழிகளின் மூதாதை. தாய்லாந்து நாட்டில் பான் நோன் வாட் என்ற பழைய குடியிருப்பில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதன்படி, வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தியவை. மனிதன் நெல்லும் சிறுதானியமும் பயிர் செய்யத் தொடங்கியதும், களத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கக் காட்டுக்கோழி தானாக வந்தது என்கிறார்கள். ஆக, கோழி வளர்ப்பு விவசாயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த தொழில்.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நம் ஜவ்வாது மலைக்காட்டில் விடியற்காலையில் கூவுகிற சாம்பல் நிறக் காட்டுக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். இது தென்னாட்டுக்கே உரிய இனம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து பறவைகளை ஆராய்ந்த சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கோழிகள் பலவற்றுக்கும் காலும் தோலும் மஞ்சளாக இருக்கின்றன அல்லவா? அந்த மஞ்சள் குணம் சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல, நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் மஞ்சள் கால் உள்ள கோழி எங்கே இருந்தாலும் அதன் உடம்பில் நம் காட்டின் பங்கு ஒரு துளி உண்டு. இதைக் கேட்டுவிட்டு யாரும் காட்டுக்கோழி முட்டையைத் தேடி மலை ஏறிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நம் முன்னோர்கள் கோழியை எப்படி மதித்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தியது. சேவலின் உருவத்தைச் செதுக்கி, பக்கத்தில் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். போரில் விழுந்த வீரனுக்கு எடுக்கிற கல்லை ஒரு சேவலுக்கு எடுத்தார்கள் என்றால், அந்தச் சேவலின் வம்சத்தையும் அவர்கள் பெயர் சொல்லிக் காத்திருப்பார்கள். அந்த வம்சம் எங்கே வளர்ந்தது? ஏதோ ஒரு வீட்டு மூலையில், ஒரு பெட்டையின் வயிற்றுக்கு அடியில்தான்.

பாட்டி கண்ட விஞ்ஞானம்

அடை வைக்கிற கலை பள்ளிக்கூடத்தில் படித்த கலை அல்ல. மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதில் எத்தனை விஞ்ஞானம் இருக்கிறது பாருங்கள்.

பழைய சட்டியிலோ கூடையிலோ மணலும் சாம்பலும் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, நடுவில் குழிவாக்கி முட்டை வைப்பார்கள். மணல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழிவாக இருப்பதால் முட்டை ஓரத்துக்கு உருளாது. வேப்பிலை போடுவது கோழிப்பேனுக்காக. கரித்துண்டு, மிளகாய், இரும்பு ஆணி வைக்கிற வழக்கமும் உண்டு. அதனால் நன்மை இருக்கிறதோ இல்லையோ, கெடுதல் ஒன்றும் இல்லை. இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்பார்கள். முட்டை கெடுவது இடியால் அல்ல, அந்த இடி வருகிற கோடை மாதத்து வெக்கையால் என்பது என் கணிப்பு. நம் வேலூர் வெயில்தான் ஊர் அறிந்ததாயிற்றே! வைத்திருக்கிற முட்டை 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடானால் உள்ளே கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். அடைச்சூடு தொடர்ந்து கிடைக்காமல் பிறகு செத்துப்போகும். அதனால்தான் பாட்டிமார் முட்டையைத் தவிட்டுப் பானையிலும், ஈர மணல் மேல் வைத்த சட்டியிலும் குளிர்ச்சியாகச் சேர்த்து வைத்தார்கள்.

கோழி தன் பங்குக்கு என்ன செய்கிறது? முட்டைக்கு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய சூட்டைக் கொடுக்கிறது. அலகால் முட்டையைத் திருப்பித் திருப்பி விடுகிறது. திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு சாகும். நடுவில் இருக்கிற முட்டையை ஓரத்துக்கும், ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் மாற்றுகிறது. தினம் ஒரு தடவை எழுந்து, தண்ணீர் குடித்து, இரை எடுத்து, எச்சம் போட்டுவிட்டு 15, 20 நிமிஷத்தில் திரும்பி வந்து உட்காருகிறது. அந்தக் கொஞ்ச நேரக் குளிர்ச்சியால் முட்டைக்குத் தீங்கு இல்லை. இப்படி 21 நாள். கூலி இல்லை, கரண்ட் இல்லை.

அடுப்பு கட்டிய எகிப்துக்காரர்கள்

கோழி இல்லாமல் முட்டையைப் பொரிக்க வைக்க முடியுமா என்று மனிதன் வெகு காலத்துக்கு முன்பே யோசித்துவிட்டான். எகிப்து நாட்டில் சாணக் குவியலில் புதைத்து முட்டை பொரிக்க வைக்கிறார்கள் என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பின்னால் அங்கே மண்கல்லால் பெரிய பெரிய அடுப்பு வீடுகளே கட்டினார்கள். நடுவில் ஆள் நடக்கிற வழி, இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக அறைகள். கீழ் அறையில் ஆயிரக்கணக்கில் முட்டை, மேல் அறையில் எருமூட்டம். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமை மேல் வைத்துப் பார்ப்பார்கள். இமைக்குத் தெரிகிற சூடுதான் கணக்கு. இந்தத் தொழில் அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த குடும்ப ரகசியமாகவே இருந்தது. சீனாவில் நெல் உமியைச் சூடாக்கிக் கூடையில் முட்டையோடு அடுக்கிப் பொரிக்க வைத்தார்கள்.

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ரியோமூர் இந்த எகிப்து அடுப்பின் சேதியைக் கேட்டு ஆசைப்பட்டு, குதிரைச் சாணத்தின் சூட்டில் தாமே முட்டை பொரிக்க வைத்துப் பார்த்து 1749-ல் புத்தகம் போட்டார். ஆனால் சூட்டை ஒரே அளவில் நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. 1879-ல் அமெரிக்காவில் பெட்டலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் என்பவர் விளக்குச் சூட்டில் இயங்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். 1881-ல் இங்கிலாந்தில் ஹியர்சன் என்பவர் ஓர் உபாயம் கண்டார். சூடானால் ஆவியாகி உப்புகிற திரவத்தை ஒரு சின்னத் தகடு உறையில் அடைத்தார். சூடு ஏறினால் உறை உப்பி விளக்குச் சூட்டை வெளியே திருப்பிவிடும். குறைந்தால் சுருங்கி உள்ளே விடும். இன்றைக்கு நாம் தெர்மோஸ்டாட் என்கிறோமே, அது செய்கிற வேலையும் இதுதான். 1922-ல் பீட்டர்சைம் என்ற அமெரிக்கர் முழுக்க மின்சாரத்தால் ஓடும் பொரிப்பான் செய்தார்.

இன்னொரு சங்கதியும் நடந்தது. பொரித்து வெளியே வருகிற குஞ்சு வயிற்றுக்குள்ளே மிச்ச மஞ்சள் கருவை இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் இரண்டு நாள் வரை அதற்கு இரை வேண்டாம். தாய்க்கோழி மிச்ச முட்டைகள் பொரிக்கிற வரை எழாமல் இருப்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. வியாபாரிகள் அந்த இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தபால் இலாகா 1918-ல் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பார்சலில் அனுப்ப அனுமதி கொடுத்தது. பெட்டிக்குள் குஞ்சு, தபால் வண்டியில் பயணம், மூன்றாம் நாள் விவசாயி வீட்டில்! பிறகு அடைக்கோழி எதற்கு என்று ஆகிவிட்டது.

நம் வட ஆர்க்காட்டில்

இந்தக் காற்று நம் பக்கத்துக்கும் வீசியது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அமெரிக்கன் ஆர்க்காடு மிஷன் வேலை செய்து வந்தது உங்களுக்குத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் அதைச் சேர்ந்தவர்தான். அந்த மிஷன் காட்பாடியில் ஒரு விவசாய நிலையமும் நடத்தியது. டி வேலோய் என்ற விவசாயம் படித்த அமெரிக்கர் அங்கே வெகு காலம் பொறுப்பில் இருந்தார். உயர்ந்த ஜாதிக் கோழிகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது அங்கே நடந்த வேலைகளில் ஒன்று. வடக்கே உத்தரப் பிரதேசத்தில் ஏட்டா என்ற ஊரிலும் இன்னொரு மிஷன் இதே வேலையைச் செய்தது.

அந்தக் காலத்துத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. சீமைச் சேவலும் சீமை முட்டையும் வந்தாலும், அந்த முட்டையைப் பொரித்துக் கொடுத்தது நம் ஊர்ப் பெட்டைதான். வெள்ளை லெகார்ன் முட்டையைக் கொண்டுபோய் நாட்டுக்கோழிக்கு அடியில் வைப்பார்கள். ஏன் என்றால், அந்த லெகார்ன் கோழிக்கு அடை உட்காரவே தெரியாது. அடை உட்கார்ந்தால் முட்டையிடுவது நின்றுபோகும். அதனால் தலைமுறை தலைமுறையாக அடை உட்காராத பெட்டையாகப் பார்த்துப் பொறுக்கி, அந்தக் குணத்தையே வெளியேற்றிவிட்டார்கள்.

அதே காலத்தில் பெரிய நோய் ஒன்றும் வந்தது. 1926-ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்திலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஓரிரு ஆண்டுக்குள் நம் நாட்டில் இமயமலைப் பகுதியான குமாவூனில் ராணிகேத் என்ற ஊரில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்ப் பெயராலேயே ராணிகேத் நோய் என்கிறோம். அந்த அம்மா வீட்டுக் கோழிகளைக் கொண்டுபோன வெள்ளைக் கழிச்சல் இதுதான்.

இங்கே நம் பழைய மாவட்டத்துப் பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்நடை நோய்த் தடுப்பு மருந்து தயாரிக்க 1932-ல் இராணிப்பேட்டையில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது நடந்து வருகிறது. கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தும் அங்கே தயாராகிறது. அதை எதில் வளர்க்கிறார்கள் தெரியுமா? அடைச்சூட்டில் ஒன்பது, பத்து நாள் வைத்த கரு முட்டையில்! நோய்க் கிருமியைக் கரு முட்டைக்குள் வளர்க்கலாம் என்று 1931-ல் அமெரிக்காவில் குட்பாஸ்சர் என்ற டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். ஆக, கோழியைக் காக்கிற மருந்தும் அடை முட்டைக்குள்ளிருந்துதான் வருகிறது. நோய்க்கு மருந்து தயாரிக்கிற ஊருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, நம் கோழிகளைத் தடுப்பூசி போடாமல் சாகவிடுவது நியாயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை பெருகியது, விதை போனது

1960-களுக்குப் பிறகு வெளிநாட்டுக் கலப்பினக் கோழிகள் நம் நாட்டில் பெரிய அளவில் வந்தன. நாமக்கல் பக்கம் பண்ணைகள் பெருகின. இன்றைக்கு நாமக்கல் முட்டை இல்லாத ஊர் இல்லை. பள்ளிக்கூடச் சத்துணவில் நம் பிள்ளைகள் முட்டை சாப்பிடுகிறார்கள் என்றால் அந்தப் பண்ணைகளால்தான். அந்த முட்டையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இட்டால் அதிகம். பண்ணைக் கோழி 300-க்கு மேல் இடுகிறது. ஏழை வீட்டுக்கும் முட்டை எட்டியது அந்தக் கணக்கால்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் மூன்று சங்கதி நம் கையை விட்டுப் போயிற்று.

முதலாவது, சேவல். முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு வேண்டுமானால்தான் சேவல் வேண்டும். அதனால் முட்டைப் பண்ணையில் சேவல் கிடையாது. அந்த முட்டையில் கருவே இல்லை. எந்தக் கோழி உட்கார்ந்தாலும் அது பொரிக்காது. நிறத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. பழுப்பு முட்டை இடுகிற பண்ணைக் கோழி இனங்களும் உண்டு. லாங் பஜாரில் அந்த அம்மா வாங்கியது அப்படிப்பட்ட முட்டையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, அடை உட்காருகிற குணம். பண்ணைக் கோழிக்கு அது இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். கலப்பினக் கோழியைச் சேவலோடு விட்டுக் குஞ்சு எடுத்தாலும் தாயைப் போலக் குஞ்சு வராது. வீரிய ஒட்டு விதையை மறுபடி விதைத்தால் விளைச்சல் கலைந்துபோகிறதே, அதே மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்குக் கம்பெனியிடம்தான் போக வேண்டும். நெல்லில், சோளத்தில், பருத்தியில் நாம் பார்த்த கதைதான் கோழியிலும் நடந்தது. இன்றைக்குக் கிராமத்தில் விவசாயி கையில், தன் விதையைத் தானே எடுத்துக்கொள்ளக்கூடிய கோழி என்று மிச்சம் இருப்பது பெரும்பாலும் நம் சிறுவிடையும் பெருவிடையும்தான்.

அதிலும் ஓட்டை விழுந்து வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் கிராமங்களில் பெண்பிள்ளைகள் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ வேலைக்குப் போகிறார்கள். சம்பாதிக்கிறார்கள், நல்லதுதான். வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார். அடை வைக்கிற கை அவரோடு நின்றுவிடுமோ என்பதுதான் என் கவலை. இன்னொரு பக்கம், நாட்டுக்கோழிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று நன்றாக வளர்ந்த பெட்டையையும் வாட்டசாட்டமான சேவலையும் முதலில் விற்றுவிடுகிறோம். சோப்ளாங்கியாக நிற்பதை வீட்டில் வைத்துக் குஞ்சு எடுக்கிறோம். விதை நெல்லுக்குப் பதரை எடுத்து வைப்பவர் உண்டா?

பெட்டியா, பெட்டையா?

இப்போது பலர் தெர்மகோல் பெட்டியில் பல்பு மாட்டி வீட்டிலேயே பொரிப்பான் செய்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். முதல் தடவை 24 முட்டை வைத்தேன். பதினோராம் நாள் ராத்திரி தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு பல்பு அணையவே இல்லை. காலையில் வெப்பமானி 108 டிகிரி காட்டியது. 24-ம் போயிற்று. அன்றைக்கு ஒரு பாடம் படித்தேன். கரண்ட் போய்ச் சில மணி நேரம் சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாகும், சில போகும். ஆனால் சூடு கூடினால் ஒரே ராத்திரியில் எல்லாமே போய்விடும்.

பெட்டி வைப்பவர்கள் இவற்றைக் கவனியுங்கள். உள்ளே சின்ன விசிறி இருந்தால் 99½ டிகிரி, விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரி. சூட்டுக்குப் பழைய குண்டு பல்புதான் ஆகும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் குறி போட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது திருப்புங்கள். 18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, கிண்ணத்தில் தண்ணீர் கூட வைத்து ஈரப்பதத்தை ஏற்றுங்கள். ஓடு விரிசல் விட்ட பிறகு அவசரப்பட்டுப் பிய்த்துவிடக் கூடாது. விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம்.

ஆனால் பத்து, இருபது குஞ்சு எடுக்கிற வீட்டுக்கு என் யோசனை அடைக்கோழிதான். பொரித்த பிறகு குஞ்சுக்குச் சூடு கொடுப்பதும், இரை காட்டுவதும், பருந்து வந்தால் குரல் கொடுப்பதும் பெட்டி செய்யாது. அதைவிட முக்கியம், பெட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பொரிக்க வைத்தால், அடை உட்காராத பெட்டையும் உட்காருகிற பெட்டையும் நமக்கு ஒன்றாகிவிடும். யாரும் கவனிக்காமலே அந்தக் குணம் கழன்றுபோகும். லெகார்னுக்கு நடந்தது நம் கோழிக்கும் நடக்கும். நல்ல அடைக்கோழி கிடைத்தால் அதை விற்காதீர்கள். அதன் பெட்டைக் குஞ்சுகளில் இரண்டையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அடை வைக்கும் முறை

பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் இருக்க வேண்டும். ஒரே சேவலை அதன் மகள்களோடு வருஷக் கணக்கில் விடாதீர்கள். வேறு ஊர்ச் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். முட்டை ஏழு நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கழுவ வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேல் உள்ள காப்பு போய்க் கிருமி உள்ளே இறங்கும். மிகப் பெரியது, மிகச் சிறியது, ஓடு சொரசொரப்பானது, விரிசல் விட்டது எல்லாம் சமையலுக்கு.

சிறுவிடைக்கு 10, 12 முட்டை போதும். பெருவிடைக் கோழி கனத்தால் முட்டையை மிதித்து உடைக்கும். பெருவிடை முட்டையையும் சிறுவிடைக்கு அடியில் வைப்பதே மேல். ராத்திரியில் கோழியை உட்கார வைத்தால் மிரளாது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியது போல ரத்த நரம்பு தெரிந்தால் உயிர் உண்டு. வெறுமனே தெளிவாக இருந்தால் கரு இல்லை, எடுத்துவிடுங்கள். அடைக்கோழிக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் தானியமும் வையுங்கள். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் கழிச்சல் தடுப்பூசி. இந்த இரண்டையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாமல் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரத்து வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

அந்த அம்மாவிடமும் இதையெல்லாம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எங்க நாத்தனார் ஊர்ல சேவலோட மேயற கோழி இருக்கு சார்" என்றார். அந்த இளைத்த கோழியைத் தேற்றினார். அது மறுபடி முட்டையிட்டு முடித்து அடைக்கு வந்ததும், நாத்தனார் வீட்டிலிருந்து பதினொரு முட்டையைத் தவிடு போட்ட தூக்குப் பாத்திரத்தில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தார். ஒரு நாள் ராத்திரி அப்படியே வைத்து முட்டையை அடங்கவிட்டுப் பிறகு அடை வைத்தார்.

நான் அடுத்த தடவை அந்தப் பக்கம் போனபோது தாய்க்கோழிக்குப் பின்னால் எட்டுக் குஞ்சு மேய்ந்துகொண்டிருந்தது. ஏழாம் நாள் முட்டையைப் பார்த்தது யார் என்று கேட்டேன். ஆம்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற மகள்தான், ராத்திரி வந்து செல்போன் விளக்கில் பார்த்தாளாம். இரண்டைக் கருவில்லை என்று அவளே ஒதுக்கினாளாம். "அவ சொன்னது சரியா இருந்துச்சு சார்" என்று அந்த அம்மா சொன்னார். பக்கத்தில் நின்ற மாமியார், "எட்டுலயும் எது சேவல், எது பெட்டைன்னு இன்னும் தெரியலை. தெரிஞ்சதும் நல்ல பெட்டையா ரெண்டை நான் எடுத்து வெச்சுடுவேன், விக்க விடமாட்டேன்" என்றார்.

எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? விவசாயப் பெருமக்களே, உங்கள் வீட்டிலும் அந்த இரண்டு பெட்டையை எடுத்து வையுங்கள்.